தண்ணீர் மாதிரி

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எத்தனை கிணறு உண்டோ அத்தனையிலிருந்தும் தண்ணீர் அள்ளிக்கொண்டு போன மனிதர் ஒருவர்தான். அத்தனை வீட்டில் ஒரு வீட்டிலும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்காத மனிதரும் அவர் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் மாதிரி ஐயா.

உத்தியோகம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பீ.எச்.ஐ. வருகிறார் என்றால் எங்கள் பக்கத்தில் ஹோட்டல்காரர் ஈ விரட்டத் தொடங்குவார். வீட்டுக்காரர் பூச்சட்டியில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்ப்பார். மற்றப் பரிசோதகர்கள் இரத்தம் குடிக்கிற நுளம்பைத் தேடி வருகிறவர்கள். இவருக்கு நுளம்பின் மீது பெரிய அபிப்பிராயம் கிடையாது. "நுளம்பு கண்ணுக்குத் தெரியிற சாமான் தம்பி. கையால அடிக்கலாம். தண்ணிக்குள்ள இருக்கிறவன்தான் கள்ளன்" என்பார். நான் அவருடைய சுகாதாரக் கந்தோரில் எழுதுவினைஞன். கள்ளனைப் பிடிக்கும் போத்தல்களுக்கு லேபல் எழுதி ஒட்டுவது என் வேலை.

அந்த லேபலால்தான் அவருக்குப் பெயரும் வந்தது. கந்தோர் அச்சடித்துத் தந்த தாளில் கொட்டை எழுத்தில் 'தண்ணீர் மாதிரி' என்று இருக்கும். அதன் கீழே வீட்டுக்காரரின் பெயரை நான் எழுதுவேன். ஒரு நாள் மீன்பிடிகாரர் ஒருவர் தன் கிணற்றுப் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"தண்ணி மாதிரி எண்டு எழுதியிருக்கு. அப்ப இது தண்ணி இல்லையா ஐயா?"

"தண்ணிதான். ஆனா இது மாதிரி."

"எது மாதிரி?"

"தண்ணி மாதிரி."

"அதத்தான் நானும் கேக்கிறன். தண்ணிய ஏன் தண்ணி மாதிரி எண்டு சொல்லுறீங்க?"

சோதனைக்கு எடுக்கிற கொஞ்சத்துக்குத்தான் மாதிரி என்று பெயர் என ஐயா அரை மணித்தியாலம் விளக்கம் சொன்னார். மீன்பிடிகாரர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் திரும்பி, "புள்ள, நம்மட கிணத்தில தண்ணி இல்லியாம். தண்ணி மாதிரி ஏதோ கிடக்காம்" என்றார். அன்றைக்கு மாலைக்குள் ஐயாவின் பெயர் வாவியைக் கடந்து அக்கரைக்குப் போய்விட்டது.

எடுத்த போத்தலைக் குளிரில் வைத்து அன்றே ஆய்வுகூடத்துக்குச் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் தந்த அரசாங்கம் குளிர்ப்பெட்டி தரவில்லை. குளிர்ப்பெட்டி அடுத்த வருட ஒதுக்கீட்டில் இருந்தது. எல்லா வருடமும் அது அடுத்த வருட ஒதுக்கீட்டிலேயே இருந்தது. ஐயா பொறுத்துப் பார்த்துவிட்டுச் சந்தையில் மீன் வியாபாரி ஐஸ் போட்டு வைத்துக் கழித்துவிட்ட ரெஜிபோம் பெட்டி ஒன்றை வாங்கி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டினார். எத்தனை தரம் கழுவினாலும் பூனைகள் அதை நம்பவில்லை. அவர் ஒரு வீட்டு வளவுக்குள் போய் வெளியே வருவதற்குள் நாலு பூனை பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்.

வாவியைக் கடக்கிற மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். பாதையில் ஏறினால் பெண்கள் பெட்டியைத் திறந்து பார்க்காமல் விடமாட்டார்கள்.

"என்ன மீன் ஐயா?"

"மீன் இல்ல கா. தண்ணி."

"பாவம். மீன் எல்லாம் வித்துப் போச்சுதாம்."

இதெல்லாம் சில்லறைக் கஷ்டம். அவருடைய பெரிய எதிரி எங்கள் ஊரின் நல்ல குணம். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டார் குடிப்பது ஒரு தண்ணீர், வந்தவருக்குக் கொடுப்பது வேறு தண்ணீர். வந்தவர் அரசாங்க உத்தியோகத்தர் என்றால் கேட்கவே வேண்டாம். அவர் வாசலில் நின்று, "தண்ணி எடுக்க வந்திருக்கிறன்" என்று சொன்ன உடனே வீட்டுக்காரி பின்பக்க வேலியால் பாய்ந்து, நல்ல தண்ணீர் என்று பெயர் எடுத்த கிணறு எந்த வளவில் இருக்கிறதோ அங்கே போய் அள்ளிக்கொண்டு வருவாள். சிலர் கொதிக்க வைத்து ஆற்றித் தருவார்கள். ஒரு வீட்டில் கொத்தமல்லி போட்டே அவித்திருந்தார்கள், ஐயா வெயிலில் வந்தாரே என்று.

"ஐயோ, எனக்குத் தாற தண்ணி வேணாம் கா! நீங்க குடிக்கிற தண்ணியத் தாங்க!"

"அதெப்பிடி ஐயா? நாங்க குடிக்கிறத உங்களுக்குத் தாறதா? நல்லாக் கதைச்சீங்க!"

இப்படியாக ஒரு கிராமத்தின் அறுபது வீட்டுக்கும் ஒரே கிணற்றின் அறிக்கை வந்தது. அந்தக் கிணறு சொக்கத் தங்கம். ஐம்பத்தொன்பது கிணறுகளை அரசாங்கம் இன்றுவரை கண்டதில்லை.

காத்தான்குடியில் ஒரு தேநீர்க்கடைக்காரர், ஊர் நானா என்று அழைக்கிறவர், இன்னும் ஒரு படி மேலே போனார். குழாய்த் தண்ணீரைப் போத்தலில் பிடித்துத் தரச் சொல்லிவிட்டு ஐயா பெட்டியில் ஐஸ் அடுக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். அறிக்கை வந்தது. ஆய்வுகூடத்தார் மிகவும் யோசித்து, 'மாதிரியில் சீனியும் எலுமிச்சைச் சாறும் காணப்படுகின்றன' என்று எழுதியிருந்தார்கள். ஐயா போய்ச் சண்டை பிடித்தார். நானா கலங்கிப் போனார்.

"வெறுந்தண்ணிய எப்பிடி சேர் ஒங்கட கையில தாற? மனசு கேக்குதில்லியே!"

சட்டத்தின் அழகையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை எடுத்த போத்தலை ஆய்வுகூடம் ஏற்காது, சனி ஞாயிறு ஆள் இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் எங்கள் மாவட்டத்துத் தண்ணீர் முழுவதும் சுத்தம். தண்ணீர் கெட்டது என்று அறிக்கை வந்தால் உடனே பூட்ட முடியாது. முதலில் அறிவித்தல் கொடுத்து இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், அவகாசம் விட வேண்டும். கிருமிகளுக்கு வீடு மாற அந்த அவகாசம் என்று நான் பகிடி விடுவேன். ஐயா சிரிக்கமாட்டார். பகிடிக்குச் சிரித்து நான் கண்டதில்லை. தன் சாம்பல் நிறப் போத்தலில் வீட்டிலிருந்து கொண்டுவந்த கொதித்தாறிய தண்ணீரில் ஒரு மிடறு குடித்துவிட்டு, "அடுத்த லேபல எழுதுங்க தம்பி" என்பார்.

கிருமி குழாயின் வாயிலேயே ஒட்டிக்கொண்டு ஆளை ஏமாற்றுமாம். அதனால் தண்ணீர் பிடிக்கும் முன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கொளுத்திக் குழாயின் வாயைச் சுட வேண்டும் என்று அவர் படித்திருந்தார். படித்தது பித்தளைக் குழாய் இருந்த காலம். ஒரு கல்யாண மண்டபத்தில், பந்திக்கு ஆட்கள் கை கழுவ நிற்கையில், அவர் சுட்டது பிளாஸ்டிக் குழாய். குழாய் உருகி வளைந்து, தண்ணீர் கூரைக்குப் பாய்ந்து, மாப்பிள்ளையின் தலைப்பா நனைந்தது. நனைந்த தலைப்பாவோடு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, பாய்கிற தண்ணீரில் எட்டி நின்று போத்தலைப் பிடித்து மூடி முத்திரையிட்டுவிட்டுத்தான் மனிதர் அடுத்த காரியம் பார்த்தார்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். தண்ணீர் தரும் முறையைப் பற்றி என் மனைவியை நான் முன்கூட்டியே எச்சரித்திருந்தேன். அவள் ஓம் என்று தலையாட்டினாள். ஆனால் மறுகா அடுத்த வீட்டுக் கிணற்றிலிருந்துதான் அள்ளி வந்தாள். பிடிபட்டதும், "எங்கட கிணறு வெள்ளத்தோட கொஞ்சம் கலங்கிக் கிடக்கு ஐயா, அத எப்பிடி உங்களுக்கு?" என்றாள்.

"அப்ப நீங்க என்ன குடிக்கிறீங்க?"

"அந்தக் கலங்கின தண்ணிதான்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய முகம் வியர்த்திருந்ததைப் பார்த்து அவள் ஒரு செம்பு தண்ணீர் நீட்டினாள். அவர் கும்பிட்டு மறுத்தார். எங்கள் ஊரில் நீட்டிய தண்ணீரை மறுப்பது முகத்தில் அடிப்பதற்குச் சமம். அவள் முகம் சுருங்கியது. நான் வாசல் வரை போய்க் கேட்டேன்.

"ஏன் ஐயா, நாங்க தந்தா ஆகாதா?"

"அப்பிடி இல்ல தம்பி. தண்ணி வாங்கிக் குடிச்ச வீட்டுக்கு நோட்டீஸ் எழுதக் கை வராது. நான் இந்தப் பகுதிக்குப் பொறுப்பா இருக்கும் மட்டும் எந்த வீட்டிலயும் குடிக்க ஏலாது."

அடுத்த கிழமை எங்கள் கிணற்றுக்கு நோட்டீஸ் வந்தது. அதை எழுதினவனும் நான்தான்.

இனித் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் இருக்கும் எல்லாச் சங்கத்துக்கும் அவரே தலைவர் என்பதால் அவருக்கும் வேறு பெயர் தேவைப்படவில்லை. அவர் ஒரு தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையம் திறந்தார். அரசாங்கக் குழாய்த் தண்ணீர் வீட்டு வாசலுக்கு வந்திருந்தும், "குளோரின் மணக்குது, தேத்தண்ணி வாயில வைக்க ஏலாமக் கிடக்கு" என்று ஊர் அதை மாட்டுக்கும் மரத்துக்கும் விட்டுவிட்டு, தலைவரின் கான் தண்ணீரை வாங்கிக் குடித்தது. கானில் வருகிறதென்றால் மினரல் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. எங்கள் பேச்சில் தண்ணீர் அடைத்து வரும் கானுக்கும் கழிவுநீர் ஓடும் தெருவோரத்து வடிகானுக்கும் கான் என்ற ஒரே சொல்தான் என்பது அப்போது எங்கள் புத்தியில் படவில்லை. இதைவிட ஒரு விசேஷம், ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவரும் தலைவர், மரண உதவிச் சங்கத் தலைவரும் அவரே. முன்னுக்கும் பின்னுக்கும் அவரே பொறுப்பு.

நிலையத்தின் வாசலில் வெள்ளை மாபிள் பதித்த ஒரு தொட்டி, அதன் மேல் பளபளவென்று ஒரு குழாய், மேலே 'மாதிரி எடுக்கும் இடம்' என்று ஒரு பலகை. மாதிரி ஐயாவுக்காகவே கட்டியது. மூன்று தரம் அங்கே பிடித்த தண்ணீர் மூன்று தரமும் தேறியது. தேறின அறிக்கைகளைத் தலைவர் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அந்த மாரியில் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. முதலில் இரண்டு பேர், மறுகா பாதி வகுப்பு. என் மகளும் அதில் ஒருத்தி. நாலு வயதுப் பிள்ளை, மூன்று நாளில் வாழைத்தண்டு போல வெளிறிப்போனாள். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். பாடசாலைக்குத் தலைவர் அன்பளிப்பாகக் கொடுத்துவந்த கான், வகுப்பின் மூலையில் பூப்போட்ட துணி போர்த்தி இருந்தது. மாதிரி ஐயா வாசலில் நின்று ரீச்சரிடம் தண்ணீர் கேட்கவில்லை. கேட்டால் நல்ல தண்ணீர் வந்துவிடும் என்று அனுபவம். நேரே போய் மூலைக் கானைத் திறந்து போத்தலில் பிடித்தார். அன்று வெள்ளிக்கிழமை. ஆய்வுகூடத்து வாசலில் கதவைப் பூட்டவிடாமல் குறுக்கே மீன் பெட்டியை வைத்து உட்கார்ந்து, அவர்கள் வாங்கும் வரை எழும்பவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அறிக்கை வந்தது. மலக்கிருமி. பெற்றார் கூட்டத்தில் ஐயா எழுந்து நின்று வாசித்தார்: "மேற்படி மாதிரி குடிப்பதற்கு உகந்ததல்ல."

தலைவர் மெல்ல எழும்பினார். சால்வையைச் சரிசெய்தார்.

"கேட்டீங்களா? மாதிரி சரியில்லயாம். தண்ணியப் பத்தி அந்தக் கடுதாசியில ஒரு சொல்லு இருக்கா? இல்ல. மாதிரி எடுத்தது ஆரு? இவரு. எதுக்குள்ள கொண்டு போனது? மீன் பெட்டிக்குள்ள. அந்த மாதிரி பழுதாப் போனதுக்கு என்ட தண்ணி என்ன செய்யும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பூனைக் கதை தெரிந்தவர்கள் மியாவ் என்றார்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்க, நானும் சிரித்தேன். ஐயா கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அடுத்த நாள் என் மேசைக்கு வந்தார். "தம்பி, அறிவித்தலில 'மாதிரி'ய வெட்டிப்போட்டுத் 'தண்ணி' எண்டு அடிங்க."

"அச்சடிச்ச படிவம் ஐயா. வெட்டினா மேலிடத்தில திருப்பி அனுப்புவாங்க."

"அனுப்பட்டும். அடிங்க."

அடித்தேன். திருப்பி அனுப்பினார்கள். 'ஆய்வுகூடம் பரிசோதித்தது மாதிரியை மட்டுமே, தண்ணீரை அல்ல. சொல்லைத் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு. தலைவரும் மேலிடமும் ஒருவரை ஒருவர் பாராமலே ஒரே இலக்கணத்தில் ஒன்றுபட்டிருந்தார்கள். அவகாசக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கான் மூலையிலேயே இருந்தது.

அதற்குள் பரிசளிப்பு விழா வந்தது. தலைவர் பிரதம அதிதி. மேடை மேசையில் அவருக்கு முன்னால் கொழும்பிலிருந்து வந்த சின்னத் தண்ணீர்ப் போத்தல். வந்தவருக்கு நல்ல தண்ணீர் அல்லவா? பிள்ளைகளுக்கு மூலைக் கான். தேறி வந்திருந்த என் மகள் வண்ணத்துப்பூச்சிச் செட்டை கட்டி முதல் வரிசையில் நின்றாள். தலைவர் நாட்டின் எதிர்காலம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது மாதிரி ஐயா எழும்பி மூலைக்குப் போனார். பிள்ளைகளின் பிளாஸ்டிக் கோப்பையில் கானிலிருந்து தண்ணீர் பிடித்தார். மேடையில் ஏறி நீட்டினார்.

"தலைவர், பேசிக் களைச்சுப் போனீங்க. இது உங்கட தண்ணி. குடிங்க."

தலைவர் மழுப்புவார், அதைத் தாய்மார் பார்ப்பார்கள் என்பது ஐயாவின் கணக்கு. தலைவர் வேறு வகை மனிதர். நிலையத்து வாசலில் இருக்கும் மாபிள் குழாய்க்கும் உள்ளே பழுதாகிக் கிடந்த இயந்திரத்துக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று அவரே போய்ப் பார்த்ததில்லை. மாட்டி வைத்த அறிக்கைகளை அவர் மனதார நம்பினார்.

"என்ட தண்ணிய நான் குடிக்கப் பயமா? தாங்க இஞ்ச!"

கோப்பையை வாங்கி உயர்த்திக் காட்டினார். கைதட்டினார்கள். கோப்பை உதட்டுக்குப் போனது. குடித்திருந்தால் மாதிரி ஐயாவுக்கு அன்றைக்கே வெற்றி. இரண்டு நாளில் தலைவரும் சேலைனோடு கிடந்திருப்பார், ஊரும் தண்ணீரை நம்பியிருக்காது. நானாயிருந்தால் இன்னொரு கோப்பையும் பிடித்துக் கொடுத்திருப்பேன்.

மனிதருக்கு அது ஏலவில்லை. "குடியாதீங்க தலைவர்!" என்று ஒரு சத்தம் போட்டார். தொண்டை கிழிந்த சத்தம். பாய்ந்து கோப்பையைத் தட்டிவிட்டார். தண்ணீர் தலைவரின் பட்டு வேட்டியில் ஊற்றியது. "உங்களாணை, குடியாதீங்க. வயித்து வருத்தம் வரும். நான் விளையாட்டுக்குச் சொல்லயில்ல." சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

ஆய்வுகூட அறிக்கை செய்யாததை அந்தச் சத்தம் செய்தது. தன்னை ஊர் முன்னால் பகிடி பண்ணினவனையே குடிக்க விடவில்லையென்றால் அந்தத் தண்ணீரில் என்ன இருக்கும் என்று ஒவ்வொரு தாயும் யோசித்திருக்க வேண்டும். முதலில் எழும்பினது என் மனைவி. மூலைக்குப் போய்க் கானைத் தூக்கினாள். இன்னும் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். வாசலுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தார்கள். கான் தண்ணீர் கானுக்குள் போனது.

பிறகு நடந்தது அரசாங்கக் காரியம். பிரதம அதிதியின் மேல் கை வைத்ததற்கு விசாரணை. 'உத்தியோகத்தருக்கு ஒவ்வாத நடத்தை' என்று எழுதி, வடக்கே பனிச்சங்கேணிப் பக்கம் இடமாற்றம் போட்டார்கள். அதே கிழமை தலைவரின் நிலையத்தை உள்ளே போய்ப் பார்த்தார்கள். வேலைக்காரர் மாபிள் குழாயை மட்டும் அரசாங்கக் குழாயில் பொருத்தியிருந்தார்கள். நிலையத்துக் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் நடுவே ஒரு வாழை மரம் நடத்தான் இடமிருந்தது. மாதிரி ஐயாவின் அறிக்கையை வைத்தே பூட்டச் சொல்லிக் கட்டளை போனது. இடமாற்றக் கடிதமும் பூட்டும் கட்டளையும் கையால் எழுதிய வரைவாக ஒரே நாளில் என் மேசைக்கு வந்தன. இரண்டிலும் ஒரே கையெழுத்து. இரண்டையும் நான்தான் தட்டச்சுச் செய்தேன். குளிர்ப்பெட்டியும் ஒருவழியாக வந்து சேர்ந்தது, அவர் போய் ஒரு மாதத்துக்குப் பிறகு. அதில் இப்போது கந்தோரார் கூட்டங்களுக்குக் குளிர்பானம் வைக்கிறார்கள்.

போன கிழமை குருக்கள்மடத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்த ஐயா, திரும்பும் வழியில் எங்கள் வளவுக்குள் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். பின்னால் அதே மீன் பெட்டி. இப்போது ஐந்து பூனை. கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கிணறு கட்டி உசத்தியிருக்கிறீங்க. குளோரின் போடுறீங்களா?"

"ஓம் ஐயா. நீங்க போட்ட நோட்டீசுக்குப் பயந்து."

"இது இப்ப என்ட பகுதி இல்லத்தானே?"

"இல்ல ஐயா."

"அப்ப குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க."

என் மனைவி செம்போடு பழக்க தோஷத்தில் அடுத்த வீட்டு வேலிப் பக்கம் திரும்பினாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். "நாம குடிக்கிறதக் குடு." மகள் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஆற்றி வைத்த பானையில் மொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் போத்தல் எடுக்கவில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை, மணந்து பார்க்கவில்லை. அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"இன்னும் கொஞ்சம் தாங்க மகள்" என்றார்.

நான் அங்கால் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன். மனைவி கண்டுவிட்டாள்.

"என்ன, கண்ணுக்குள்ள தூசா?"

"ஓம்" என்றேன். "தூசு மாதிரி."